கண்டிக்கோட்டா மலையிடுக்கில் கேமராவுடன்: வாசகர் கேள்வி – பதில்

ஆந்திர மாநிலம் கடப்பா மாவட்டத்தில், எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடும் வட பெண்ணையாறு ஓரிடத்தில் சுமார் 300 அடி அகலத்துக்கு ஒடுங்குகிறது. அந்த இடுக்கின் விளிம்பில்தான் கண்டிக்கோட்டா கோட்டை இருக்கிறது. அங்கே இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பது பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: காசிமேட்டில் சூரிய உதயத்தைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். கண்டிக்கோட்டாவில் எடுத்தபோது வானம் சரியாக வந்தால் பள்ளம் கறுத்துவிடுகிறது. பள்ளம் தெரிந்தால் வானம் வெளுத்துவிடுகிறது. வானத்தை மட்டும் மங்கலாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்கினால் இது தீருமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

தீராது. காசிமேட்டில் கடலும் வானமும் ஒரே நேர்கோட்டில் சந்திக்கின்றன. ஃபில்டரின் மங்கல் எல்லையை அந்தக் கோட்டின் மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. மலையிடுக்கில் அப்படி ஒரு கோடு கிடையாது. பாறைச்சுவரின் மேற்பகுதி வானத்துக்குள் நீண்டு நிற்பதால், வானத்தை மங்கலாக்கும் ஃபில்டர் அந்தப் பாறையையும் சேர்த்து மங்கலாக்கும். பார்ப்பவருக்கு அது உடனே செயற்கையாகத் தெரியும். இதற்குப் பதிலாக, ட்ரைபாடில் கேமராவை அசையாமல் நிறுத்தி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) மூன்று படங்களை எடுத்துப் பின்னர் கணினியில் இணைப்பது நல்ல வழி. வெயில் படும் பாறையின் ஒளிமிகு பகுதி, படத்தின் இருள்–ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலப்பக்கச் சுவரில் முட்டாதபடி ஒரு படமாவது இருக்க வேண்டும். ரா வடிவில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) பதிவு செய்தால் நிழற்பகுதியைப் பிறகு ஓரளவு மீட்டெடுக்கலாம். வெளுத்துப்போன வானத்தை மீட்கவே முடியாது.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கடற்கரையில் பழகிய கண், சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரத்தையே படத்தின் நேரமாகக் கருதுகிறது. மலையிடுக்கில் அந்த நேரத்தில் வானத்தில் மட்டுமே ஒளி இருக்கும். பள்ளத்துக்குள் எதுவும் இருக்காது. நீங்கள் காத்திருக்க வேண்டியது அதற்குப் பிந்தைய நேரத்துக்கு. சூரியன் மேலேறி ஒரு பக்கச் சுவரைத் தொட்டவுடன், அந்தச் சிவந்த பாறை தான் வாங்கிய ஒளியை எதிர்ச்சுவரின் மீது வீசத் தொடங்குகிறது. நேர்வெயில் படாத அந்த நிழற்சுவர், எதிர்ப்பாறையின் செம்மையை வாங்கி உள்ளிருந்து ஒளிர்வதுபோல் காட்சி தரும். மலையிடுக்குப் படங்களின் உயிர் இந்த எதிரொளியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் உள்ள கிளென் கேன்யனை 1960-களின் தொடக்கத்தில் வண்ணத்தில் பதிவு செய்த புகைப்படக்காரர் எலியட் போர்ட்டர், பரந்த காட்சிகளைத் துரத்தாமல், நிழலில் கிடந்த சுவர்களின் மேல் தவழ்ந்த இந்த ஒளியையே மீண்டும் மீண்டும் எடுத்தார். 1963-இல் அங்கே அணையின் பின்னால் நீர் தேங்கத் தொடங்கியது. அவர் எடுத்த இடங்களில் பல பாவெல் ஏரிக்குள் மூழ்கிப்போயின.

இந்த ஒளியைப் பிடிக்க இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, சட்டகத்திலிருந்து வானத்தை முற்றிலும் விலக்கிவிடுங்கள். நீங்கள் சொன்ன சிக்கலில் பாதி அப்போதே மறைந்துவிடும். மற்றொன்று, நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல், பகல்வெளிச்சம் என்ற நிலையில் நிறுத்துங்கள். பாறையின் செம்மையைக் கேமரா ஒரு குறையாக எண்ணித் திருத்தப் பார்க்கும். அதை அனுமதிக்கக் கூடாது. நீல வானத்தின் ஒளி மட்டும் விழும் மூலைகள் நீலம் பாய்ந்தே வரட்டும். அந்த நீலத்தின் அருகில்தான் எதிரொளியின் சிவப்பு எடுபடும்.

இதைக் கற்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மண்ணடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ காலை எட்டு மணி அளவில் ஒரு குறுகிய தெருவில் நின்று பாருங்கள். ஒரு வரிசை வீடுகளின் மாடிச்சுவரில் வெயில் விழும்போது, எதிர்வரிசையின் நிழற்சுவர் எந்த நிறத்தை வாங்குகிறது என்று கவனியுங்கள். மஞ்சள் பூசிய வீட்டுக்கு எதிரே ஒரு நிறம், பச்சை பூசிய வீட்டுக்கு எதிரே வேறொரு நிறம். சில வாரங்கள் இதையே படமெடுத்துப் பழகினால், கண்டிக்கோட்டாவில் எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது? பெரம்பூரிலிருந்து ரயிலில் போக வசதி உண்டா?
– வாசகர், பெரம்பூர்

ரயில் உண்டு. சென்னையிலிருந்து மும்பை செல்லும் பாதை ரேணிகுண்டா, கடப்பா, எர்ரகுண்ட்லா, முத்தனூர் வழியாகத்தான் போகிறது. இந்தப் பாதையில் முத்தனூர்தான் அருகில் உள்ள நிலையம் என்றாலும் எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. கடப்பாவில் இறங்கி ஜம்மலமடுகுவுக்குப் பேருந்து பிடிப்பது எளிது. ஜம்மலமடுகுவிலிருந்து கண்டிக்கோட்டா சுமார் 15 கிலோமீட்டர். சொந்த வண்டி என்றால் செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக ரேணிகுண்டாவை அடைந்து, இராஜம்பேட்டை, கடப்பா என்று போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை மட்டும் கைவிடுங்கள். அதிகாலை ஒளியும் மாலை ஒளியும் வேண்டுமானால் அங்கேயே இரவு தங்கியாக வேண்டும். கோட்டைக்கு அருகில் ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹரிதா விடுதி இருக்கிறது.

மாதத்தைப் பொறுத்தவரை, ராயலசீமை வெயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உடலுக்கும் இதம், ஒளிக்கும் இதம். கண்டிக்கோட்டா ஏறத்தாழ 14.8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலில்கூடச் சூரியன் தென்வானத்தில் 52 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. வடக்கு நோக்கிய செங்குத்துச் சுவர்களில் அந்த மாதத்தில் நாள் முழுவதும் நேர்வெயில் விழாது. முந்தைய பதிலில் சொன்ன எதிரொளிக்கு அவை மிகவும் ஏற்றவை. ஜூனில் நிலைமை தலைகீழாகி, நண்பகல் சூரியன் சற்றே வடக்குப்புறமாக 81 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே புறப்படும் முன் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஆற்றின் வளைவுகளைப் பார்த்து, எந்தச் சுவர் எந்தத் திசையை நோக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அயல்நாட்டுக் கையேடுகள் சூரிய உதயத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தைப் பொன்னொளி நேரம் என்கின்றன. நம் பகுதியில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே மேலெழுவதால், அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர அதற்கு 25 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் ஆகும். இருட்டிலேயே விளிம்புக்குப் போய், சட்டகத்தை முடிவு செய்துவிட்டுக் காத்திருப்பவருக்கே அந்த ஒளி கிடைக்கும்.

ஆற்றின் நீர்மட்டம் மழையை மட்டும் நம்பியதல்ல. மேற்புறம் கண்டிக்கோட்டா நீர்த்தேக்கமும் கீழ்ப்புறம் மைலவரம் அணையும் இருப்பதால், போன ஆண்டு நீங்கள் பார்த்த நீர் இந்த ஆண்டும் அதே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: 16 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தேன். நேரில் மலைக்கவைத்த பள்ளம், படத்தில் ஒரு கால்வாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. லென்ஸ் சரியில்லையா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

லென்ஸில் குறையில்லை. வைட் ஆங்கிள் லென்ஸ் காலடியில் கிடக்கும் பாறையைப் பெரிதாக்கி, எதிர்க்கரையைத் தொலைவுக்குத் தள்ளிவிடும். அதன் இயல்பே அதுதான். மலையிடுக்கின் பிரம்மாண்டம் எதிர்க்கரையிலும் ஆழத்திலும் இருப்பதால், அவை இரண்டும் சுருங்கும்போது படமும் சுருங்குகிறது.

அடுத்த முறை 70 முதல் 200 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸைக் கொண்டுபோய், ஆறு வளையும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பாறை முகங்கள் நெருங்கி வந்து அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் காலைப் புகைமூட்டத்தில் ஒரு படி வெளிறிக்கொண்டே போகும். இந்த இடத்தின் பாறை அதற்கென்றே அமைந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மணலாகப் படிந்து, இறுகி, குவார்ட்சைட்டாக மாறிய பாறை இது. நிலவியலாளர்கள் இந்த அடுக்குக்குக் கண்டிக்கோட்டா குவார்ட்சைட் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். பாறை அடுக்குகள் ஏறக்குறைய கிடைமட்டமாகவும், வெடிப்புகள் செங்குத்தாகவும் ஓடுவதால், சுவர் முழுவதும் கட்டம் கட்டமாகப் பிளந்து நிற்கிறது. பக்கவாட்டில் வெயில் விழும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு மெல்லிய நிழற்கோடு உருவாகும். நேர் எதிரிலிருந்து விழும் வெயிலில் அத்தனை கோடுகளும் அழிந்துவிடும்.

அளவு உணர்த்த ஏதாவது ஒன்று சட்டகத்தில் இருக்கட்டும். எதிர்விளிம்பில் மேயும் ஆடுகளோ, தொலைவில் நிற்கும் ஒரு மனிதரோ போதும். அந்த உருவம் மிகச் சிறியதாக, தேடினால் மட்டும் கிடைப்பதாக இருந்தால் பள்ளத்தின் பெருமை தானாக விளங்கும். அதற்காக நண்பரை விளிம்பின் நுனியில் நிறுத்திவைக்க வேண்டாம்.

வைட் ஆங்கிளே வேண்டும் என்று விரும்பினால், கேமராவைத் தாழ்வாக வைத்து, முன்னே உள்ள ஒரு பிளவையோ பாறை விளிம்பையோ ஆற்றை நோக்கி ஓடும் கோடாகப் பயன்படுத்துங்கள். முழுச்சட்ட சென்சாரில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ளது) 24 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப் 11 என்று வைத்து (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) ஏறத்தாழ 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 90 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து எல்லையற்ற தொலைவு வரை தெளிவாக வரும். எஃப் 22 வரை மூடினால் இன்னும் தெளிவு கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். சிறு துளையில் ஒளி விரிந்து பரவுவதால் படம் முழுவதுமே மங்கும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் தோழிகளோடு அங்கே போக அனுமதி கேட்கிறாள். இணையத்தில் பார்த்த படங்களில் பாறை நுனியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அச்சமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

உங்கள் அச்சம் நியாயமானது, அம்மா. அந்த விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்புக் கம்பி கிடையாது. மேலே நான் வியந்து சொன்ன அதே கட்டப் பிளவுகளால், நுனியில் உள்ள சில பாறைகள் அடிப்பாறையோடு ஒட்டாமல் வெறுமனே அமர்ந்திருக்கின்றன. பார்வைக்கு உறுதியாகத் தெரிவது மிதித்தால் ஆடக்கூடும். மகளை அனுப்புங்கள், ஆனால் சில பழக்கங்களை வற்புறுத்தியே அனுப்புங்கள்.

கேமராவிலோ செல்பேசித் திரையிலோ கண் இருக்கும்போது கால் நகரக் கூடாது. இடம் மாற வேண்டுமானால் கேமராவை இறக்கி, தரையைப் பார்த்து நடந்து, நின்ற பிறகே மீண்டும் தூக்க வேண்டும். மலைவிளிம்பு விபத்துகளுக்குப் பின்னோக்கி எடுத்துவைக்கும் ஓர் அடி போதும். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும் என்பதால் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே நிற்கட்டும். ஜூம் லென்ஸுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் நடக்க வேண்டியிருப்பதால் ஆளுக்கொரு தலைவிளக்கு தேவை. முதல் நாள் மாலை வெளிச்சத்திலேயே வழியைப் பார்த்து வைத்துவிட்டால், மறுநாள் விடியலில் அதே வழியில் பதற்றமின்றிப் போகலாம். ஆற்றில் இறங்கிக் குளிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆழமும் நீரோட்டமும் மேலிருந்து தெரியாது.

கேள்வி: போலரைசர் அவசியமா? ட்ரோன் பறக்கவிடலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசர் பயன் தரும். ஆனால் எப்போதும் லென்ஸிலேயே மாட்டியிருக்க வேண்டாம். நீரின் மேல் மினுக்கும் ஒளியை அது முழுமையாக நீக்குவது, நீர்ப்பரப்போடு சுமார் 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போதுதான். விளிம்பில் நின்று ஆற்றை ஏறக்குறைய நேர்கீழாகப் பார்ப்பவருக்கு அதன் பலன் குறைவு. அதைவிட, ஒளிரும் பாறைச்சுவரின் பிரதிபலிப்பு நீரில் செம்பொன்னாக விழும் நேரத்தில் போலரைசரைத் திருப்பினால் அந்த அழகையே துடைத்துவிடுவீர்கள். ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்கவும் மதிய நேரத்து இலைகளின் நிறத்தை மீட்கவும் மட்டும் பயன்படுத்துங்கள்.

ட்ரோனுக்கு 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொருந்தும். ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். கோட்டைக்குள் இருப்பவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் என்பதால் அத்துறையின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

கேள்வி: என்னிடம் செல்பேசி மட்டுமே இருக்கிறது. நானும் போவதில் பொருள் உண்டா?
– வாசகர், வியாசர்பாடி

நிச்சயமாக உண்டு, தம்பி. எதிரொளியைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குச் செல்பேசியே போதுமான கருவி. திரையில் ஒளிமிகுந்த பாறையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும்; பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். பல படங்களை இணைத்து ஒளியையும் நிழலையும் சமன்செய்யும் தானியங்கி எச்டிஆர் வசதி நிழலை அளவுக்கு மீறித் தூக்கி, பள்ளம் முழுவதையும் ஒரே சமமான சாம்பல் வெளிச்சத்தில் நிரப்பிவிடும். நிழல் நிழலாக இருந்தால்தான் ஆழம் தெரியும். ஆகவே, உங்கள் பேசியில் ரா வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். விரல்களால் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. அகன்ற காட்சி வேண்டுமானால் பேசியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் முந்தையதோடு மூன்றில் ஒரு பங்கு ஒன்றும்படி வரிசையாக எடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எண்ணூரில் கடற்கரையை ஒட்டி வசிக்கிறேன். உப்புக்காற்றில் இருந்த லென்ஸை அந்தப் புழுதி மண்ணுக்குக் கொண்டுபோவதால் கெடுதல் உண்டா?
– வாசகர், எண்ணூர்

புறப்படும் முன் லென்ஸின் உடலை நன்னீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து உலரவிடுங்கள். உப்புப் படலம் ஈரத்தை இழுக்கும். அதன் மேல் ராயலசீமையின் புழுதி ஒட்டினால் ஜூம் வளையத்தில் நறநறவென்று சிக்கும். அங்கே காற்று வீசும் விளிம்பில் லென்ஸ் மாற்றுவதைத் தவிர்த்து, அறையிலேயே தேவையானதை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பி வந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் லென்ஸின் உட்புறம் பூஞ்சை பிடிப்பதற்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும் தோல் உறையும் ஒரு காரணமாகிறது.

கேள்வி: என் தந்தையார் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவருடைய ஃபிலிம் கேமராவில் கறுப்பு வெள்ளைச் சுருள் போட்டு அந்த மலையிடுக்கை எடுக்க ஆசை. சிவந்த பாறை கறுப்பு வெள்ளையில் எப்படி வரும்?
– வாசகர், இராயபுரம்

இந்தக் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. ஏனெனில் உலகின் பெரும் மலையிடுக்குகள் முதன்முதலில் படமானதே கறுப்பு வெள்ளையில்தான். கொலராடோ ஆற்றில் 1871-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் வெஸ்லி பாவெல் மேற்கொண்ட இரண்டாம் பயணத்தில் படகு வலிக்க அமர்த்தப்பட்டவர் ஜாக் ஹில்லர்ஸ். பயணத்தின்போதே படத்தொழிலைக் கற்றுக்கொண்டு, 1872-இல் அக்குழுவின் புகைப்படக்காரராகவே ஆனார். அதே 1871-இல் வீலர் தலைமையிலான அளவைக்குழுவோடு புகைப்படக்காரர் திமொத்தி ஓ'சல்லிவன் அந்த ஆற்றை எதிர்த்துப் படகில் போனார். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயும் முன்பே படமெடுத்து, ஆற்றங்கரையில் போட்ட இருட்டுக் கூடாரத்தில் உடனே கழுவியாக வேண்டிய காலம் அது. அந்தத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. அதனால்தான் அக்காலப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகவும் செம்பாறைகள் கருமையாகவும் தெரிகின்றன.

இன்றைய பான்குரோமட்டிக் சுருள், சிவப்பையும் உணரும் என்பதால் உங்களுக்கு அந்தத் தடை இல்லை. எந்தப் பாறை எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதை ஃபில்டரால் நீங்களே முடிவு செய்யலாம். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் செம்பாறையும் நீல வானமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஃபில்டர் பாறையை வெளுப்பாக்கி வானத்தைக் கருமையாக்கும்; அதற்கு மூன்று ஸ்டாப் ஒளி கூடுதலாகத் தேவை. ஆரஞ்சு ஃபில்டர் அதையே மிதமாகச் செய்யும், ஏறக்குறைய இரண்டு ஸ்டாப்பில். நிழலில் விழும் வான்வெளிச்சம் நீலமானது என்பதால் சிவப்பு ஃபில்டர் நிழல்களையும் கடுமையாகக் கறுப்பாக்கிவிடும். அதே நேரத்தில், எதிர்ப்பாறையின் செம்மையை வாங்கி ஒளிரும் நிழற்சுவர் மட்டும் அதில் பளிச்சென்று தனித்து நிற்கும். வண்ணத்தில் கண்ட எதிரொளியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்ற இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

ஒளியளவுக்கு, அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த ஜோன் முறையைப் பின்பற்றுங்கள். கருமையிலிருந்து வெண்மை வரை உள்ள சாயல்களை ஒரு ஸ்டாப் இடைவெளிப் படிகளாக எண்ணிடும் முறை அது; மீட்டர் காட்டுவது நடுச்சாம்பலான ஐந்தாம் ஜோன். விவரம் தெரிய வேண்டிய இருண்ட நிழலை மீட்டரில் அளந்து, மீட்டர் காட்டுவதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து வைத்தால் அந்த நிழல் மூன்றாம் ஜோனில் அமரும். ஃபில்டருக்கான ஸ்டாப்களை அதன் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். டிஜிட்டலுக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர்: ஃபிலிமில் நிழலைக் காப்பாற்ற வேண்டும், ஒளிமிகு பகுதியை டெவலப் செய்யும் நேரத்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தலாம். முதல் சுருளுக்கு ஆரஞ்சு ஃபில்டரே போதும். அதே காட்சியை ஃபில்டர் இல்லாமலும் ஒரு முறை எடுத்து, இரண்டு நெகட்டிவ்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு சிவப்புக்குப் போங்கள்.